முகத்தைத் திருப்பித் தந்த மருத்துவர்: சர் ஹெரால்ட் கில்லீஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீக்காயப் பிரிவில் தாதியாகப் பல ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். பிளாஸ்டிக் சர்ஜரி என்ற பேச்சு வந்தாலே நம் சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்களில் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். "அது நடிகைகள் மூக்கைச் சீராக்கிக்கொள்வதுதானே?" என்று தொடங்கும். வார்டில் படுத்திருப்பவரின் அண்ணனும் அக்காவும் கேட்பார்கள். மருத்துவம் படிக்க ஆசைப்படும் தொடக்கக் கல்லூரிப் பிள்ளைகளும் கேட்பார்கள். அவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது ஒருவருடைய கதையைத்தான். அந்தக் கதையை ஒட்டி வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

யார் இந்த கில்லீஸ்?

ஹெரால்ட் கில்லீஸ் 1882 ஜூன் 17 அன்று நியூசிலாந்தின் டனீடின் நகரில் பிறந்தவர். எட்டுப் பிள்ளைகளில் கடைக்குட்டி. சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். சின்ன வயதில் பட்ட அடியால் ஒரு முழங்கை கடைசிவரை விறைப்பாகவே இருந்தது. அந்தக் கையோடுதான் கேம்பிரிட்ஜில் படித்தபோது 1904ஆம் ஆண்டுப் படகுப் போட்டியில் துடுப்புப் போட்டார். கோல்ஃபும் பிரமாதமாக ஆடுவார். லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையில் பயிற்சி முடித்து, காது மூக்கு தொண்டை மருத்துவரானார்.

முதல் உலகப் போர் வரவில்லை என்றால், லண்டனில் வசதியான நோயாளிகளுக்குத் தொண்டை பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த வாழ்க்கைக்கு வேண்டியது எல்லாம் அவருக்கு அமைந்திருந்தது.

காது மூக்கு தொண்டை மருத்துவர் எப்படி இந்தத் துறைக்கு வந்தார்?

1915இல் பிரான்சுக்குப் போனார். அங்கே விமரோ என்ற ஊரில் சார்ல்ஸ் வாலடியே என்ற பல் மருத்துவர், தாடை சிதறிய படைவீரர்களுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார். அவர் அறுவை மருத்துவர் இல்லை என்பதால் கூட ஒரு மருத்துவர் நிற்க வேண்டும் என்பது விதி. அப்படி நிற்கப் போனவர் கில்லீஸ். பிறகு பாரிசில் இப்போலித் மொரெஸ்தாங் என்ற அறுவை மருத்துவர், ஒருவரின் முகத்தில் இருந்த புற்றுக் கட்டியை அகற்றிவிட்டு அந்தப் பள்ளத்தைப் பக்கத்துத் தோலாலேயே மூடியதைப் பார்த்தார். இனி இதுதான் தன் வேலை என்ற முடிவோடு ஊர் திரும்பினார்.

அந்தப் போரில் முகக் காயம் ஏன் அவ்வளவு அதிகம் என்று மாணவர்கள் கேட்பார்கள். பதுங்குகுழிப் போர் அது. உடம்பு மண்ணுக்குள் இருக்கும், தலை வெளியே எட்டிப் பார்க்கும். குண்டுச் சிதறல் நேராக முகத்தில் பாயும். முன்னெல்லாம் அப்படிக் காயம் பட்டவர்கள் அங்கேயே இறந்துபோவார்கள். மருத்துவம் முன்னேறியதால் உயிர் பிழைத்தார்கள், ஆனால் மூக்கு இல்லாமல், தாடை இல்லாமல், வாயை மூட முடியாமல்.

1916 ஜனவரியில் ஆல்டர்ஷாட் ராணுவ மருத்துவமனையில் அவருக்கென ஒரு பிரிவு கிடைத்தது. நோயாளிகள் சரியாக வந்து சேர வேண்டுமே? கில்லீஸ் என்ன செய்தார் தெரியுமா? கடையில் சொந்தக் காசு பத்து பவுண்டுக்குப் பெயர்ச்சீட்டுகள் வாங்கி, அவற்றில் தன் மருத்துவமனை முகவரியை எழுதி, பிரான்சில் இருந்த கள மருத்துவமனைகளுக்கு அனுப்பிவைத்தார். முகத்தில் காயம் பட்டவர்களின் சட்டையில் அதைக் கட்டி அனுப்புங்கள் என்றார். அந்தச் சீட்டோடு ஆட்கள் வந்து இறங்கத் தொடங்கினார்கள்.

அந்த ஆண்டு ஜூலை 1ஆம் தேதி சோம் போர் தொடங்கியது. இருநூறு பேரை எதிர்பார்த்துப் படுக்கை போட்டு வைத்திருந்த இடத்துக்கு வந்தவர்கள் சுமார் 2,000 பேர்.

அவருடைய பெரிய கண்டுபிடிப்பு என்ன?

தோல் குழாய். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1917இல் சிட்கப் என்ற ஊரில் குவீன்ஸ் மருத்துவமனை திறந்து, முகச் சிகிச்சை முழுவதும் அங்கே மாறியது. அந்த ஆண்டு அக்டோபரில் வில்லி விக்கரேஜ் என்ற கடற்படை வீரரை மேசையில் கிடத்தியிருந்தார்கள். வெடிமருந்துத் தீயில் அவருடைய முகமே உருகிப்போயிருந்தது. இமைகள் வெளிப்பக்கம் திரும்பி மூட முடியாமல் இருந்தன, கீழுதடு தொங்கியது. நெஞ்சிலிருந்து தோலை உரித்து மேலே கொண்டுவந்து முகத்தில் வைக்க வேண்டும். தோலை முழுதாக அறுத்து எடுத்துவிட்டால் ரத்த ஓட்டம் நின்று கருகிவிடும். அதனால் ஒரு முனை உடம்போடு ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், அந்தப் பட்டையின் உட்புறம் பச்சைப் புண்ணாகத் திறந்து கிடக்கும். பென்சிலின் வராத காலம் அது. சீழ் பிடித்தால் எல்லாம் பாழ்.

நெஞ்சிலிருந்து கிளப்பிய தோல் பட்டையின் ஓரங்கள் தானாகவே உள்நோக்கிச் சுருண்டுகொண்டதை கில்லீஸ் கவனித்தார். சுருண்ட இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தார். பட்டை குழாயானது. புண் முழுவதும் உள்ளே மூடிக்கொண்டது, வெளியே நல்ல தோல் மட்டும். உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது, கிருமி நுழைய வழியில்லை. சில வாரங்கள் கழித்து, முகத்தில் வைத்த முனை நன்றாகப் பிடித்து அங்கிருந்தே ரத்தம் பெறத் தொடங்கியதும், அடுத்த முனையை வெட்டிவிடலாம். தூரமான இடத்துத் தோல் என்றால் வயிற்றிலிருந்து கைக்கு, கையிலிருந்து முகத்துக்கு எனக் கட்டம் கட்டமாக நகர்த்துவார்கள். நோயாளிகள் தோளிலிருந்து கன்னத்துக்கு ஒரு குழாய் தொங்க மாதக்கணக்கில் நடமாடினார்கள்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஒடெசாவில் விளாடிமிர் ஃபிலாடோவும் இதே வழியைத் தனியாகக் கண்டுபிடித்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒருவரை ஒருவர் அறியாமலே இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? அவர் சிங்கப்பூருக்கு வந்தாரா?

அவர் வந்ததைப் பற்றி இல்லை நான் சொல்லப்போவது. அந்த வில்லி விக்கரேஜ் வேலை பார்த்த போர்க்கப்பலின் பெயரைக் கேளுங்கள்: எச்எம்எஸ் மலாயா. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் அரசாங்கம் பிரிட்டனுக்குப் பணம் கொடுத்துக் கட்டித் தந்த கப்பல் அது. 1916 மே 31 அன்று ஜட்லண்டு கடற்போரில் குண்டு பட்டு அதன் பீரங்கித் தளத்தில் தீ பிடித்தது. விக்கரேஜ் வெந்தது அங்கேதான்.

அந்த மாநிலங்களின் கஜானாவுக்குப் பணம் வந்தது ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும். ரப்பர் மரத்தைச் சீவியவர்களில் பெரும்பாலோர் யார் என்பதை இங்கே இருக்கும் தமிழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் தாத்தாவும் அந்தத் தோட்டங்களில் பால் எடுத்தவர்தான். கப்பல் கட்டலாமா என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. ஆனாலும் நவீன பிளாஸ்டிக் சர்ஜரியின் முதல் பக்கத்தில் இருக்கும் அந்த வீரர் நின்ற கப்பல் தளத்தில் தோட்டத் தமிழனின் வியர்வையும் இருந்தது. பாடப் புத்தகங்களில் இது வராது. அதனால்தான் கேட்கிற பிள்ளைகளுக்கெல்லாம் சொல்கிறேன்.

மூக்கு அறுவையை இந்தியர்கள்தான் முதலில் செய்தார்கள் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சுசுருதர் பெயரில் உள்ள சம்ஸ்கிருத நூலில் அறுந்த மூக்கைக் கன்னத் தோலால் சரிசெய்யும் முறை இருக்கிறது. அதைவிட நேரடியான சான்று ஒன்று உண்டு. 1792 போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரைத் திப்பு சுல்தானின் ஆட்கள் பிடித்து மூக்கையும் ஒரு கையையும் வெட்டிவிட்டார்கள். பிறகு புனே பக்கத்தில், பரம்பரையாக இந்த வேலையைச் செய்துவந்த ஒருவர், அவருடைய நெற்றித் தோலைக் கிளப்பித் திருப்பி மூக்காக வைத்துத் தைத்தார். ஆங்கிலேய மருத்துவர்கள் நேரில் பார்த்தார்கள். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு செய்தி வந்தது. அதைப் படித்து 1814இல் ஜோசப் கார்ப்யூ லண்டனில் அதே அறுவையைச் செய்தார். அங்கிருந்து ஐரோப்பா முழுவதும் பரவியது. கில்லீசும் நெற்றித் தோலைப் பயன்படுத்தினார். இன்றைக்கும் தோல் புற்றுநோயால் மூக்கை இழந்தவருக்குச் சிங்கப்பூரில் ஒரு மருத்துவர் நெற்றித் தோலைத் திருப்பி வைத்தால், அதன் வேர் அந்தப் புனே மனிதரிடம் போகிறது.

அதற்காக எல்லாவற்றையும் நாமே கண்டுபிடித்துவிட்டோம் என்று மார்தட்டுவது சரியில்லை. மயக்க மருந்து, கிருமி பற்றிய அறிவு, ரத்தம் ஏற்றுவது இவையெல்லாம் வேறு இடங்களிலிருந்து வந்து சேர்ந்தவை.

முகம் முழுக்கத் துணி மூடி அறுவை செய்தால், மயக்க மருந்தை எப்படிக் கொடுத்தார்கள்?

நல்ல கேள்வி. அப்போது ஈத்தரை மூக்கின் மேல் முகமூடி வைத்துக் கொடுப்பார்கள். மூக்கே இல்லாதவருக்கு எங்கே வைப்பது? கில்லீசோடு வேலை பார்த்த ஐவன் மாகில், ஸ்டான்லி ரோபோத்தம் என்ற இரண்டு மருத்துவர்கள் மூச்சுக்குழாய்க்குள் ரப்பர் குழாயைச் செலுத்தி மயக்கம் கொடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். இன்று எந்தப் பெரிய அறுவையிலும் தொண்டைக்குள் போகும் அந்தக் குழாயின் வரலாற்றில் சிட்கப்புக்குப் பெரிய இடம் உண்டு.

அவர் தோற்றதே இல்லையா?

தோற்றிருக்கிறார். ஹென்றி லம்லி என்ற இளம் விமானி, விமானம் விழுந்து முகம் முழுதும் வெந்து வந்தார். 1918இல் நெஞ்சிலிருந்து மிகப் பெரிய தோலை ஒரே வீச்சில் முகத்துக்கு மாற்றினார் கில்லீஸ். சீழ் பிடித்தது, தோல் அழுகியது, லம்லி சில வாரங்களில் இறந்துபோனார். வயது 26. பொறுத்திருந்து கட்டம் கட்டமாகச் செய்திருக்க வேண்டும் என்று கில்லீஸ் வெளிப்படையாகவே எழுதினார். நாளைக்குத் தள்ளிவைக்க நியாயம் உள்ள எதையும் இன்றைக்குச் செய்யாதே என்று பிற்காலத்தில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

"ஏன் சிஸ்டர் இன்னும் ஆபரேஷன் பண்ண மாட்டேங்கிறாங்க? தள்ளிப் போட்டுக்கிட்டே இருக்காங்களே" என்று கோபப்படும் குடும்பங்களுக்கு இந்தக் கதையைத்தான் சொல்வேன். தழும்பு முற்றி மிருதுவாக மாதங்கள் ஆகும். அதற்கு முன் கத்தி வைத்தால் கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. காத்திருப்பதும் சிகிச்சைதான்.

சிட்கப் மருத்துவமனையில் கண்ணாடியே கிடையாதாமே?

வார்டுகளில் கண்ணாடி மாட்டாமல் வைத்திருந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து ஊருக்குப் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். அதில் உட்கார்ந்திருப்பவர் முகக் காயம் பட்டவர் என்று ஊர்க்காரர்களுக்கு முன்கூட்டியே தெரியும்; யாரும் அதிர்ந்து பின்வாங்க மாட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த நீலப் பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தோன்றாமல் இல்லை.

இப்போது கண்ணாடியைக் கழற்றிப் பயனில்லை, கையில் போன் இருக்கிறது. சிவகங்கைப் பக்கத்துத் தம்பி ஒருவர், இங்கே வேலை பார்த்த இடத்தில் தீ விபத்து. கட்டுப் பிரித்த அன்று "அக்கா, போனைக் கொஞ்சம் குடுங்க" என்றார். கொடுத்தேன். கேமராவைத் திறந்து தன் பக்கம் திருப்பி, ஒரு நொடி பார்த்துவிட்டு, அணைத்துக் கவிழ்த்து வைத்தார். அம்மாவிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தபோது எடுக்கவில்லை. "சிக்னல் இல்லம்மா" என்று குரல் அழைப்பில் பேசினார். பல நாள் அந்தச் சிக்னல் வரவே இல்லை. பிறகு இடது கன்னத்தில் வைத்த தோல் பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் வலது கன்னத்தைத் தலையணையில் சாய்த்து மறைத்துக்கொண்டு, அவராகவே வீடியோவைப் போட்டார். நான் திரைச்சீலையை இழுத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

பிளாஸ்டிக் சர்ஜரி எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தத் தலையணைதான் நினைவுக்கு வரும்.

போருக்குப் பிறகு என்ன செய்தார்?

சிட்கப்பில் 5,000க்கும் மேற்பட்ட வீரர்களுக்கு 11,000க்கும் அதிகமான அறுவைகள் நடந்தன. அந்த வீரர்களில் பலரின் முகத்தை அறுவைக்கு முன்னும் பின்னும் வரைந்தவர் ஹென்றி டாங்க்ஸ். மருத்துவம் படித்துவிட்டு ஓவியரானவர். 1920இல் கில்லீஸ் முக அறுவை பற்றிய தன் முதல் நூலை வெளியிட்டார். 1930இல் சர் பட்டம் வந்தது. அதற்குள் போர் முடிந்து பத்தாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இவ்வளவு தாமதித்திருக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அவருடைய உறவினர் ஆர்ச்சிபால்டு மெக்கிண்டோ, அவரும் டனீடின்காரர்தான், லண்டன் வந்து அவரிடம் தொழில் கற்றார். இரண்டாம் உலகப் போரில் தீயில் வெந்த விமானிகளுக்கு ஈஸ்ட் கிரின்ஸ்டெட் ஊரில் சிகிச்சை அளித்துப் புகழ்பெற்றார். கில்லீஸ் அப்போது பேசிங்ஸ்டோக் பக்கத்தில் ரூக்ஸ்டவுன் ஹவுஸ் என்ற இடத்தில் பெரிய பிரிவை நடத்தினார்.

1940களின் பிற்பாதியில் மைக்கேல் டில்லன் என்பவருக்குப் பாலின மாற்று அறுவைகள் செய்தார். அந்தக் காலத்தில் பெயர் கெட்டுப்போகும் வேலை அது. தன்னிடம் வந்தவரின் துன்பம் தீர வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

இந்தியாவில் அவருக்கு மாணவர்கள் உண்டா?

உண்டு. நோஷிர் அந்தியா அவரிடம் பயின்றவர். மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவைத் தொடங்கி, தொழுநோயால் மூக்கும் கையும் சிதைந்தவர்களுக்காக வாழ்நாள் முழுக்க உழைத்தார். தொழுநோயாளியைத் தொடவே மருத்துவர்கள் தயங்கிய காலம். கில்லீசின் மாணவர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் இவர்தான்.

எப்போது இறந்தார்?

1960 செப்டம்பர் 10. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 78 வயதில், ஓர் இளம்பெண்ணின் காலில் அறுவை செய்துகொண்டிருந்தபோதே மூளையில் ரத்தம் உறைந்து சரிந்தார். பெரிய சொத்து எதுவும் சேர்த்து வைக்கவில்லை.

தோல் குழாய் முறையை இப்போதும் செய்கிறார்களா?

மிக அரிது. 1970களுக்குப் பிறகு நுண்ணோக்கியின் கீழ் ரத்தக் குழாய்களைத் தைக்கும் வித்தை வந்துவிட்டது. தொடையிலிருந்து தோலையும் தசையையும் ரத்தக் குழாயோடு எடுத்து, அதே நாளில் முகத்தில் வைத்துத் தைத்துவிடலாம். மாதக்கணக்கில் குழாயோடு அலைய வேண்டாம்.

சிங்கப்பூரில் பெயர்பெற்றவர்கள்?

கூ பூ சாய் என்ற சிங்கப்பூர் மருத்துவர் ஆசியர்களின் கண் இமை அறுவை பற்றி 1963இல் எழுதிய கட்டுரையை உலகம் முழுவதும் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். தீக்காயத்துக்கு அவுட்ரமில் இருக்கும் சிங்கப்பூர் பொது மருத்துவமனையின் தீக்காய நிலையம்தான் நம் நாட்டுக்கே தலைமை இடம்.

பிளாஸ்டிக் சர்ஜரிக்கு மெடிசேவ் (மருத்துவச் செலவுக்கான நம் சேமிப்புக் கணக்கு) கிடைக்குமா?

அழகுக்காக மட்டும் செய்துகொள்ளும் அறுவைக்குக் கிடைக்காது. தீக்காயம், பிளவுபட்ட உதடு, புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு போல மருத்துவக் காரணம் இருந்தால் வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். வேலையில் காயம் பட்ட வெளிநாட்டு ஊழியர் என்றால், வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் அவருக்கும் உண்டு. "நான் பர்மிட்காரன், எனக்கு ஒன்றும் கிடைக்காது" என்று நினைத்து வாய்மூடி இருக்க வேண்டாம்.

அறுவை செய்யப்போகும் மருத்துவர் உண்மையான நிபுணர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். மருத்துவர் பெயருக்கு நேரே பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர் என்ற பதிவு இருக்க வேண்டும். விளம்பரத்தில் அழகியல் மருத்துவர் என்று போட்டிருப்பது நிபுணர் தகுதி ஆகாது. இதை மட்டும் தயவுசெய்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

என் மகள் இந்தத் துறைக்குப் போக ஆசைப்படுகிறாள். எவ்வளவு காலம் ஆகும்?

மருத்துவப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு. பிறகு மருத்துவமனையில் பயிற்சி, அதற்குப் பிறகு நிபுணத்துவப் பயிற்சி பல ஆண்டு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. படம் வரைவாளா, தையல் போடுவாளா என்று பாருங்கள். கில்லீசே தூரிகை பிடித்தவர்தான். எல்லாவற்றுக்கும் மேலாகப் பொறுமை வேண்டும்.

வீட்டில் யாருக்காவது சூடு பட்டால் உடனே என்ன செய்வது?

குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் சுமார் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையல், கடிகாரத்தை வீங்குவதற்குள் கழற்றுங்கள். பற்பசை, சோயா சாஸ், மஞ்சள், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். இதையெல்லாம் தடவி வந்த புண்களைக் கழுவும்போது அந்தப் பிள்ளைகள் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். முகம், கை, பெரிய பரப்பு என்றால் ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள்.

தோல் தானம் செய்ய முடியுமா?

முடியும், பலருக்குத் தெரியாது. உடம்பில் பாதிக்கு மேல் வெந்தவருக்கு ஒட்டவைக்க அவருடைய சொந்தத் தோல் போதாது. இறந்தவரிடமிருந்து பெற்ற தோலால் தற்காலிகமாக மூடினால் சில வாரம் நீர் வற்றாமலும் கிருமி நுழையாமலும் காக்கும். அதற்குள் அவருடைய சொந்தத் தோல் மறுபடி எடுக்கும் அளவுக்கு வளரும்.

நாமெல்லாம் இயல்பாகவே உட்பட்டிருக்கும் உறுப்புதானச் சட்டத்தில் சிறுநீரகம், கல்லீரல், இதயம், கருவிழி மட்டுமே உண்டு, தோல் இல்லை. தோலுக்கு மருத்துவ சிகிச்சை, கல்வி, ஆராய்ச்சிச் சட்டத்தின்கீழ் தனியாக உறுதிமொழிப் படிவம் நிரப்ப வேண்டும். வயது 18 ஆகியிருந்தால் போதும். "உடம்பை அலங்கோலமாக்கிவிடுவார்களா?" என்று நம்மவர்கள் பயப்படுகிறார்கள். தொடையிலிருந்தும் முதுகிலிருந்தும் மேல்தோலை மிக மெல்லிய படலமாக மட்டுமே எடுப்பார்கள். வேட்டியோ சேலையோ உடுத்திக் கிடத்தினால் ஒன்றும் தெரியாது, சடங்குக்கும் தடையில்லை. படிவம் நிரப்பிய கையோடு வீட்டில் சொல்லிவையுங்கள். அந்த நேரத்தில் மருத்துவமனை முதலில் பேசுவது அவர்களிடம்தான்.